ஒரு சாண் தள்ளி எடுத்த படம்

என் தட்டாம்பூச்சி மாமாவுக்கு,

நேற்று அரியலூரில் செருப்பு வாங்கினேன். பழைய செருப்பின் வார் அறுந்து, நாலு நாளாக ஊக்குக் குத்திக்கொண்டு நடந்தேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து புதுச் செருப்பை வெளியே வைத்தார். நான் செருப்பைப் பார்க்கவில்லை. என் கை தன்னால் பெட்டிக்குள்ளே போய், மூலையைத் துழாவி, அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டது.

"அது திங்கிறது இல்லம்மா. ஈரம் உறிஞ்சுறதுக்கு வச்சிருக்காங்க. தூக்கிப் போடுங்க."

"தெரியும்ங்க," என்றேன்.

பஸ் ஏறி உட்கார்ந்து, டவுனைத் தாண்டி, ரெண்டு பக்கமும் முந்திரி மரம் தெரிய ஆரம்பித்த பிறகுதான் புத்திக்கு எட்டியது. யாருக்குக் கொடுக்க முடிந்து வைத்திருக்கிறேன்?

உன் லென்ஸுக்குத்தான். "கண்ணாடிக்குள்ள ஈரம் இறங்குனா பூஞ்சை பூத்துடும் புள்ள. அப்புறம் உலகமே பனி வுழுந்த மாதிரி தெரியும்" என்பாய். அதற்காக, மூடியில் ரப்பர் வளையம் வைத்த டிபன் டப்பாவில் லென்ஸை வைத்து, சுற்றிலும் இந்தப் பொட்டலங்களை அடுக்கினாய். எந்த வூட்டில் யார் புதுச் செருப்பு, புதுப் பை வாங்கினாலும் நான் போய்ப் பொட்டலம் கேட்டு வாங்கிவருவேன். "ஊர்ல பொம்பளைங்க குழம்புக்குப் புளி கேட்டுப் போவாங்க. நம்ம வூட்டுல பாரு" என்று நீ சிரிப்பாய்.

வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் இருந்த டப்பாவை இறக்கினேன். நீ போன பிறகு அதைத் தொட்டதே இல்லை. திறந்ததும் புளிச்சோற்று வாசனை. அந்த டப்பாவை எத்தனை தடவை விளக்கினாலும் அந்த வாசனை மட்டும் போனதில்லையே, அதே வாசனை. கண்ணை மூடிக்கொண்டேன். நீ கொல்லைப் பக்கம்தான் எங்கேயோ குந்தியிருக்கிறாய் என்று தோன்றியது. கூப்பிட்டால் "உஸ்" என்று கையைக் காட்டுவாய் என்று தோன்றியது.

நீ அப்படித்தான் நிற்பாய், சின்ன வயசிலிருந்தே. அத்தை மகன் என்று எங்கள் வீட்டுக்கு வந்தால் மற்றவர்கள் எல்லாம் ஓடிப் பிடித்து விளையாடுவோம். நீ மட்டும் ஏரிக்கரையில், குச்சி மாதிரி உடம்பும் சோடாப்புட்டிக் கண்ணாடியுமாக, ஒரே இடத்தில் அசையாமல் நிற்பாய். "தட்டாம்பூச்சி" என்று பேர் வைத்தது நான்தான். கல்யாணம் ஆன பிறகு நாலு பேர் முன்னால் மாமா. வூட்டுக்குள்ளே தட்டாம்பூச்சி.

வருசம் முழுக்க அரியலூர் ஸ்டுடியோவில் ஊரார் கல்யாணத்தைப் படம் பிடிப்பாய். முகூர்த்தம் இல்லாத மார்கழி மட்டும் உன்னுடையது. பனி விலகுவதற்கு முன்னாலேயே முந்திரித் தோப்புக்குள் இறங்கிவிடுவாய். நானும் சருகு கூட்டுகிற சாக்கில் பின்னாலேயே வருவேன். இலை நுனியில் பட்டாம்பூச்சி றெக்கையை மடக்கிக்கொண்டு தூங்கும். அதன்மேல் பனித்துளி உட்கார்ந்திருக்கும். வெயில் வந்து தொட்டதும் ஒவ்வொன்றாக றெக்கையை விரித்து, காயவைத்து, கிளம்பும். தோப்பே மெல்ல மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் நாம் பேசிக்கொள்ள மாட்டோம். பேசாமலே அத்தனை பேசியிருக்கிறோம்.

அப்போது உன்னிடம் பூச்சி எடுக்கிற லென்ஸ் கிடையாது. கல்யாணத்துக்கு எடுக்கிற லென்ஸையே கழற்றி, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, கேமராவோடு சேர்த்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாய். "சட்டையத் திருப்பிப் போட்டா கோடீஸ்வரன் ஆயிடுவியா?" என்று கேட்டேன். "பாரு" என்று காட்டினாய். றெக்கைமேல் ஓடு வேய்ந்த மாதிரி வரிசை வரிசையாகச் செதில். கிண்டலை விட்டு, இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். ஆனால் அப்படி எடுக்க, பூச்சி கிட்டத்தட்ட கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். பத்துக்கு ஒன்பது பறந்துவிடும். நீ முட்டி போட்ட இடத்திலேயே, ஏமாந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்ப்பாய்.

பெரம்பலூரில், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருத்தர், போட்டோவை விட்டு முழுக்க வீடியோவுக்கு மாறுவதாகவும், தன்னிடம் பூச்சி எடுக்கிற லென்ஸ் இரண்டு இருப்பதாகவும் உனக்குச் சொல்லியனுப்பினார். இரண்டில் ஒன்றுதான் உன்னால் வாங்க முடியும்.

"நீயும் வா புள்ள."

"நான் வந்து என்ன பண்ணப்போறேன்? எனக்கு லென்ஸப் பத்தி என்ன தெரியும்?"

"உனக்குப் பூச்சியப் பத்தித் தெரியும்ல?"

அந்தப் பேச்சுக்காகவே வந்தேன். மேசைமேல் பேப்பரை விரித்து, இரண்டையும் வைத்திருந்தார். ஒன்று டீ டம்ளர் உயரம், அறுபது என்று எழுதியிருந்தது. இன்னொன்று அதைவிட நீளம், நூறு என்று எழுதியிருந்தது. இரண்டுமே பூச்சியை ஒரே அளவுக்குப் பெரிதாகக் காட்டும் என்றாய்.

"அப்பச் சின்னதையே எடு. தூக்கச் சுளுவா இருக்கும்ல?"

"அங்கதான் சங்கதி இருக்கு. சின்னதுன்னா பூச்சிக்கு நாலு விரக்கடை வரைக்கும் கிட்டப் போவணும். பெருசுன்னா ஒரு சாண் தள்ளி நிக்கலாம். ஆனா கனம். கை கொஞ்சம் நடுங்குனாலும் படம் போச்சு."

"நாலு விரக்கடைக்கு நான் வந்தாலே நீ எந்திரிச்சு ஓடுற. பூச்சி உக்காந்திருக்குமா?"

ஸ்டுடியோக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உன் காது சிவந்துவிட்டது.

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன்," என்றேன். "காலையில வெயில் சாஞ்சு வரும். நீ கிட்டக் குனிஞ்சா உன் தலை நிழல்தான் மொதல்ல அது மேல வுழும். நிழல் பட்டா அது நிக்காது. பெருசே எடு."

"தங்கச்சி சொல்றது சரிதான்," என்றார் அவர். "எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பாத்துட்டு வாங்குங்க. எதையாவது முன்னால வச்சுக்கங்க."

நீ லென்ஸை மாட்டினாய். என் பக்கம் திரும்பி, சாதாரணமாக, "கைய நீட்டு புள்ள" என்றாய்.

என் கையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். பன்னிரண்டு வயசில் முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்தவள். சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உடைப்போம். இருந்தாலும் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் எப்படியும் தெறிக்கும். பட்ட இடம் வெந்து, கருத்து, உரியும். உரிந்த இடத்திலேயே மறுபடியும் படும். நம் கல்யாணப் படத்தில்கூட என் கை தெரியாது. கருத்த இடத்தை மறைக்க அப்பிய மருதாணியும் சரியாகப் பிடிக்காமல் போக, கையை மாலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை நீட்டும்போதுகூட விரல் நுனியால்தான் நீட்டுவேன்.

பூச்சி றெக்கையின் செதிலையே எண்ணுகிற கண்ணாடிக்கு முன்னால் அந்தக் கையை நீட்டச் சொல்கிறாய். நான் கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டேன். தலையிலிருந்த கனகாம்பரத்தில் ஒன்றை உருவி மேசைமேல் வைத்து, "இத எடு" என்றேன். நீ கேமராவை மேசைப் பக்கம் திருப்பினாய். பூவைப் படம் எடுத்தாய். பெரியதையே வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

பஸ்ஸில் வெகுநேரம் கழித்துக் கேட்டாய்.

"உன் கை எனக்கு என்ன புதுசா? கட்டுன நாள்லேர்ந்து அந்தக் கை போட்ட சோத்ததான திங்கிறேன்."

"உனக்கில்ல. அந்தக் கண்ணாடிக்கு. அது இல்லாததையும் பெருசாக் காட்டும்."

"இல்லாததக் காட்டாது புள்ள. இருக்கிறதத்தான் காட்டும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரியலூர் வந்து இறங்கும்போது, "சரி. நீயாச் சொல்லாம உன் கைய எடுக்க மாட்டேன். போதுமா?" என்றாய்.

இன்றைக்கு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன் மாமா. பெரியதை எடு என்று நான் சொன்னதில் பாதிதான் பூச்சிக்காக. அந்தக் கண்ணாடி என்னை விட்டும் ஒரு சாணாவது தள்ளி நிற்கட்டும் என்று நினைத்தேன். நீ கனம் என்று சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அஞ்சு மார்கழி அந்த லென்ஸோடு போயின. எலுமிச்சைச் செடியில் முட்டை வைக்க வந்தது, எருக்கம் பூவில் தொங்கினது, மழை விட்ட ஈர மண்ணில் கூட்டமாகக் குந்தித் தண்ணீர் குடித்தது, எல்லாவற்றையும் எடுத்தாய். எடுத்தவுடனே கேமராவின் பின்பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டுவாய். ஒரு தடவை, "ஏன் மாமா, மீசை மட்டும் தெளிவா இருக்கு, மத்ததெல்லாம் கரைஞ்சு கெடக்கு?" என்று கேட்டேன்.

"கிட்டப் போவப் போவ ஒண்ணுதான் தெளிவா நிக்கும் புள்ள. அது எதுன்னு நாமதான் முடிவு பண்ணணும்."

போன கார்த்திகை கடைசியில், இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்த காலை. தோப்பில் விறகு பொறுக்கி, வேர்த்து, ஒரு கட்டையில் உட்கார்ந்தேன். கையை மடியில் மல்லாத்திப் போட்டிருந்தேன். நகம் அளவுக்கு ஒரு நீலப் பூச்சி எங்கிருந்தோ வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. வேர்வை உப்பைக் குடித்தது. முடியைவிட மெல்லிய உறிஞ்சுகுழல் தோலில் பட்டுப் பட்டு எடுப்பது எனக்குத் தெரிந்தது. மரத்துப்போன கை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அசையாத," என்று பின்னால் உன் குரல்.

"கைய எடுக்காத மாமா. பூச்சிய மட்டும் எடு."

"பூச்சிய மட்டும்தான்."

நீ முட்டி போட்டாய். கேமராவுக்கு மேலே உன் நெற்றி மட்டும் தெரிந்தது, வேர்த்திருந்தது. நீ மூச்சைப் பிடித்தாய். நானும் பிடித்தேன். பூச்சி மட்டும் அவசரமில்லாமல் குடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இப்போது நினைத்தால் அந்தக் காலை இன்னும் முடியவில்லை என்றே இருக்கிறது. ஒரே ஒரு தடவை அழுத்தினாய். பிறகு கேமராவை இறக்கி, "ம், வந்துடுச்சு" என்றாய். அன்றைக்கு மட்டும் எனக்குத் திருப்பிக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஒரே ஒரு முகூர்த்தம் பாக்கி புள்ள. அது முடிஞ்சா மார்கழி முழுக்க நம்மளது."

இரண்டு நாள் கழித்து, அந்த முகூர்த்தத்தில்தான், மண்டபத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. நீ ஸ்டுடியோ கேமராவோடு போயிருந்தாய்; உன் சொந்தக் கேமராவும் லென்ஸும் வீட்டில் இருந்தன. நானும் அவற்றோடு வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

இன்று காலை கேமராவை எடுத்துக்கொண்டு மறுபடியும் அரியலூர் பஸ் ஏறினேன். உன் ஸ்டுடியோவில் உன்னோடு வேலை பார்த்த செல்வம் அண்ணன், கேமராவிலிருந்த கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். படம் படமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசிப் படத்தில் நின்றார்.

"இது ஃபோகஸ் தப்பிடுச்சு தங்கச்சி. பூச்சி கலங்கிப்போயி வெறும் நீலமா நிக்குது. அழிச்சுடவா?"

எட்டிப் பார்த்தேன். பூச்சி இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு நீலம். அதற்குக் கீழே என் உள்ளங்கை. ஒவ்வொரு வெடிப்பும், ஒவ்வொரு கருப்பும், தண்ணீர் வற்றின ஏரி மாதிரி பிளந்து பிளந்து, அந்தப் பிளவில் ஒரு சொட்டு வேர்வை வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கிறது. அத்தனை தெளிவாக என்னை யாரும் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை.

"அழிக்காதீங்கண்ணே."

அவர் திரையைப் பார்த்தபடியே, "அவனுக்குத் தப்பாதே. ஆனா அப்பவே ஒடம்புக்கு முடியாம இருந்திருக்குமோ என்னமோ, கை நடுங்கியிருக்கும். கனமான லென்ஸ் வேற" என்றார். பிறகு கேட்காமலே அதைப் பெரிய பிரிண்டாகப் போட்டு, கவரில் வைத்து என்னிடம் நீட்டினார். நான் விரல் நுனியால் வாங்காமல், கையை முழுசாக நீட்டி வாங்கிக்கொண்டதைப் பஸ்ஸில் வரும்போதுதான் கவனித்தேன்.

இப்போது மத்தியானம். தோப்புப் பக்கம் கதவைத் திறந்து வைத்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்றுக் கொண்டுவந்த பொட்டலத்தையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். லென்ஸில் இதுவரை பூஞ்சை இல்லை. இனிமேலும் வர விடமாட்டேன். எங்கே செருப்புப் பெட்டியைப் பார்த்தாலும் என் கை உள்ளே போகத்தான் போகிறது.

கை நடுங்கித்தான் அப்படி வந்தது என்றால், கனமானதை எடு என்று சொன்ன என்மேல்தான் பிசகு. அப்படி இல்லையென்றால், நீ எனக்குக் கொடுத்த வாக்கை அந்த ஒரு தடவை மீறியிருக்கிறாய். இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சொல்லு என் தட்டாம்பூச்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் தள்ளி முட்டி போட்டிருந்த அந்த நேரத்தில், நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?