என்னைக் கேட்காமல் போன பீம் டைம்

10.6.92, புதன்
காலையிலேயே சாரல். துணி காயவில்லை.
பாய் கடை பூத்திலிருந்து லேபுக்கு எஸ்.டி.டி. போன். அடுத்த வாரம் அணுத்துகளை முடுக்கும் ஆக்சிலரேட்டரில் என் முறை, அதாவது என் பீம் டைம்; எல்லாம் தயாரா என்று கேட்கத்தான். என் ஆராய்ச்சிக்கு கைடாக இருக்கும் சார் சொல்கிறார்: "உன் பீம் டைமை மோகனுக்குக் குடுத்தாச்சே. உனக்குக் கல்யாணம், இனி வரமாட்டேன்னு உங்க பெரியப்பா போன் பண்ணினாரே."
மோகன் என் கூட ஆராய்ச்சி செய்கிறவன். எனக்கு இது ஒரு வருஷம் காத்திருந்து கிடைத்த முறை. பெரியப்பாவும் என்னைக் கேட்கவில்லை, கைடும் கேட்கவில்லை.

11.6, வியாழன்
பெரியப்பா ரிட்டயர்டு போலீஸ் எஸ்.ஐ. வீட்டிலும் அதே அதிகாரம். பேப்பரை இறக்காமலே பதில்: "ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பொண்ணு பாக்க வாராக. நல்ல எடம். படிச்சது போதும்ட்டி."
பார்க்கவே இன்னும் வரவில்லை. அதற்குள் என் வேலையை முடித்துவிட்டார்.
அம்மா: "மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்." கேட்கட்டும்.
சோறு வேண்டாமென்றேன். மாம்பழம் மட்டும்.

12.6, வெள்ளி
அப்பா மில்லிலிருந்து வந்ததும், செருப்போடு நின்றபடியே: "அப்படி என்னதாம்மா செய்யுத அங்க?" இத்தனை வருஷத்தில் முதல் தடவை.
சொன்னேன். ஒரு அணுக்கரு நியூட்ரானைப் பிடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். ஆனால் சில அணுக்கள் சீக்கிரமே அழிந்துபோகும், எதிரே வைத்து அடிக்க முடியாது. அதனால் அழியாத பக்கத்து அணு ஒன்றை வேறு துகளால் அடித்து, நியூட்ரான் பிடித்தால் உண்டாகும் அதே கருவை உண்டாக்குகிறோம். அது எப்படி அடங்குகிறது என்று பார்க்கிறோம்.
"குறுக்கு வழியா?"
"சுத்து வழிப்பா. நேர் வழி இல்ல."
யோசித்தார். "வா, பாய் கடைக்கு."
போனை அவரே வாங்கினார். "சார், அவ அப்பா பேசுதேன். எங்க அண்ணன் சொன்னது அவிய நெனப்பு. எம் மக வாரா."
பிறகு என்னிடம் கைடு: "நைட் ஷிப்ட்தான் மிச்சம். பொம்பளப் பிள்ளைக்குக் கஷ்டம்." மோகனிடம் இப்படிச் சொல்வாரா? "வாரேன் சார்," என்று வைத்துவிட்டேன்.

13.6, சனி
லேபுக்குத் திரும்ப ரயிலில் ரிசர்வேஷன் இல்லை. வாங்க வேண்டியது: சோப்பு, டார்ச் செல், தலைவலி மாத்திரை.
மாப்பிள்ளை வீட்டுக்கு யார் சொல்வது என்று அம்மா ஒரே அழுகை. நானே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். கதவைத் திறந்தது அவரேதான், போட்டோவில் பார்த்த பேங்க் வேலை மாப்பிள்ளை. வேலையை விடமாட்டேன், நாளைக்கு வர வேண்டாம் என்றேன்.
அவர்: "நீங்களே விடுறேன்னு சொன்னதாத்தான உங்க பெரியப்பா சொன்னாரு?"
"நான் உங்ககிட்டப் பேசுறதே இப்பத்தான்," என்றேன்.