சிலுவை போட்ட கை

எவ்ரோஸ், கிரீஸ், 2023 நவம்பர் 14, மாலை நான்கு இருபது. அடக்கத்தில் நின்றவர்கள்: நான், லியாண்ட்ரோஸின் தங்கை, குழி வெட்டியவர். மூன்று பேர்.

அன்புள்ள அம்மா, முழங்கால் வீக்கம் வடிந்ததா? மழையில் நனைந்ததைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை. என்னோடு காற்றாலையில் வேலை செய்த லியாண்ட்ரோஸ் மாரடைப்பில் போய்விட்டார். ஜீயஸ், ஹெர்மிஸ் என்று பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர். பாதிரியார் வேண்டாம், மண்ணில் மதுவும் தேனும் ஊற்றினால் போதும் என்று எழுதி வைத்திருந்தார்.

கல்லறைத் தோட்டத்துச் சாவி பாதிரியாரிடம் இருந்தது; தர யோசித்தார். "ஃபாதர், அது நகராட்சி இடம்" என்றேன்.

"எடுத்துக்கோடா. உங்க ஜீயஸ்கிட்ட மழைய நிறுத்தச் சொல்லு, பாப்போம்" என்று சாவியைத் தூக்கிப் போட்டார்.

நான்தான் ஊற்றினேன். எனக்கு எந்தச் சாமியும் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் ஊற்றி முடித்ததும் என் கை தானாகச் சிலுவை போட்டுவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்தேன்.

"விடுப்பா, அண்ணன் இருந்தா சிரிச்சிருப்பான்" என்றாள் தங்கை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா இறந்த நாற்பதாம் நாளுக்கு நீ அவித்த கோதுமையில் மாதுளை எவ்வளவு போட்டாய்? அந்தப் படையல் கிறிஸ்தவத்துக்கும் முந்தியது என்பார் லியாண்ட்ரோஸ். உடனே எழுது. வண்டி வந்துவிட்டது.

உன் ஸ்ட்ராடிஸ்

செய்யப்போவது:
1. சாவியைத் திருப்பிக் கொடுப்பது.
2. லியாண்ட்ரோஸின் நாற்பதாம் நாள் கோதுமை அவித்துக் கல்லறைக்குக் கொண்டுபோவது.
3. அங்கே கையைக் கோட்டுப் பையை விட்டு வெளியே எடுக்காமல் நிற்பது.