கழற்றிப் பாருங்க, துரை

3 பெப்ரவரி 1955, வியாழன்

கல்முனைக் கோட்டில் வழக்கொன்று பேச வந்த கொழும்பு அப்புக்காத்தின் ஒஸ்டின் கார் சந்தியில் நின்றுவிட்டது. பெட்ரோல் குழாயில் அழுக்கு. கால்மணி நேரத்தில் ஊதிச் சரிசெய்து கொடுத்தேன். பின் சீட்டில் ஒரு பத்திரிகை கிடந்தது. மார்ச் ஆறாம் திகதி கார்ப்பந்தயம். கொழும்புக்குத் தெற்கே, யுத்தகாலத்து விமானத்தளத்தில், பந்தயத்துக்கென்றே நிரந்தரமாக அமைத்த வீதியில். கம்பனியிலிருந்து வந்தபடியே, எதையும் மாற்றாத கார்களுக்குத் தனிப்பிரிவு உண்டாம். அவரும் ஓடுகிறாராம்.

“நானும் ஓடலாமா சேர்?”

சிரித்தார். “இது சவாரி ஏத்துற வேலை இல்லைத் தம்பி. கனவான்களின் விளையாட்டு.”

என்னுடையதும் ஒஸ்டின்தான். அதே வருஷம், அதே எஞ்சின். பந்தயத்தில் ஓடுவது காரா, கனவானா?

6 பெப்ரவரி

இராசதுரையின் கராஜில் உட்கார்ந்து பந்தயப் படிவத்தை நிரப்பினோம். யுத்தகாலத்தில் திருகோணமலையில் ஒன்றாய் லொறி ஓட்டியவர்கள் நாங்கள்; அவனுக்கு இங்கிலீசு எழுத வரும். தொழில் என்ற இடத்தில், “வியாபாரி எண்டு போடுவமா சரிபு?” என்று கேட்டான்.

“வாடகைக் கார்ச் சாரதி எண்டு போடு. எழுத்தைப் பெரிசாப் போடு.”

10 பெப்ரவரி

வீட்டில் சண்டை. என் மனைவி ஜுனைதாவின் அண்ணன், கச்சிமுகம்மது காக்கா, வந்து வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

“மச்சான், உங்களுக்குப் பைத்தியமா? கார் தலைகீழாப் பிரண்டா என்ன செய்யப்போறீங்க? ஆளுக்கு ஒண்டு ஆனா என்ட தங்கச்சி என்ன செய்வா?”

நான் வாயைத் திறக்குமுன் ஜுனைதா அடுப்படியிலிருந்து வந்தாள்.

“காக்கா, இவர் பதினொரு வருஷமா மாடும் ஆடும் படுத்துக்கிடக்கிற றோட்டில ஓடுறார். அங்க மாடு இல்லையாமே. பிறகு என்ன பயம்?”

அவர் தேநீரும் குடிக்காமல் போய்விட்டார். ஜுனைதா என்னைப் பார்த்து, “போறெண்டா ஒழுங்கா ஓடுங்க. சும்மா போய் ஓரத்தில நிக்கவேணாம்” என்றாள்.

18 பெப்ரவரி, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், “பந்தயக்காரர் போறார், வழிய விடுங்க” என்கிறார்கள். சிரிக்கட்டும்.

22 பெப்ரவரி

ஒப்புதல் வந்துவிட்டது. எனது இலக்கம் ஒன்பது.

26 பெப்ரவரி

விடியச் சுபஹு தொழுத கையோடு அக்கரைப்பற்று வரை ஓடினேன். வளைவுக்கு எவ்வளவு கிட்டப்போய் பிரேக்கைத் தொடலாம் என்று பார்க்கிறேன். நாளுக்கு நாள் கிட்டப் போகிறேன். பயமா? ஓம், இருக்கிறது. காலில் இல்லை.

4 மார்ச், வெள்ளி

நானும் இராசதுரையும் வெளிக்கிட்டோம். பொத்துவில், மொனறாகலை, இரத்தினபுரி. ஜுனைதா கட்டித்தந்த சோறு சியம்பலாண்டுவையோடு முடிந்தது.

6 மார்ச், காலை

எல்லாரும் வெள்ளைக் களிசான் போட்டிருந்தார்கள். நான் சாரம் கட்டியிருந்தேன். ஒரு அதிகாரி சாரத்தோடு ஓடமுடியாது என்றார். இராசதுரை விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை அவர் முன்னால் புரட்டினான். தலைக்கவசம் கட்டாயம்; அதை இரவல் வாங்கி வைத்திருந்தேன். இடுப்புக்குக் கீழே ஒரு வார்த்தையும் இல்லை!

7 மார்ச், இரத்தினபுரியில் ஒரு தேநீர்க்கடை

நேற்றுப் பந்தயத்துக்குப் பிறகு எழுத முடியவில்லை. கையெல்லாம் எண்ணெய்.

பன்னிரண்டு சுற்று. பத்துக் கார். கொடி விழுந்ததும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதல் சுற்றில் ஏழாவது. நேர்வீதியில் எல்லாரும் ஒரே வேகம்தான், ஒரே அளவு எஞ்சின்கள்தானே. வளைவில்தான் ஆள் தெரியும். அவர்கள் தூரத்திலேயே பிரேக்கை மிதித்தார்கள். நான் மிதிக்கவில்லை. ஒவ்வொருவராய்ப் பின்னால் போனார்கள். எட்டாம் சுற்றில் எனக்கு முன்னே இரண்டு கார்: முன்னால் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை, அவருக்குப் பின்னால் நம்முடைய அப்புக்காத்து.

அப்புக்காத்து வழி விடவில்லை. நான் இடப்பக்கம் போனால் இடப்பக்கம், வலம் போனால் வலம். கடைசிச் சுற்றில், கொண்டையூசி போல் மடங்கும் வளைவில், அவர் அகலமாய்த் திரும்பினார். உள்ளே ஒரு காருக்கு இடம் இருந்தது. ஒரே ஒரு காருக்கு. இரண்டாம் கியரைப் போட்டு உள்ளே விட்டேன். கதவோடு கதவு, இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. வெளியே வரும்போது நான் முன்னால்.

தோட்டத்துத் துரை முதலாவது. நான் இரண்டாவது.

இராசதுரை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான், விசரன்.

அதற்குள் அப்புக்காத்து முறைப்பாடு கொடுத்துவிட்டார். அத்தனை மைல் சவாரி ஓடிய கார் இப்படி ஓடாதாம். எஞ்சினில் ஏதோ கள்ளவேலை செய்திருக்கிறேனாம். அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, விலகிக்கொண்டால் விஷயத்தை இத்தோடு விடலாம் என்றார். விலகவா? என்னத்துக்கு விலக?

“கழற்றிப் பாருங்க, துரை. இல்ல, நானே கழற்றித் தாறன்.”

நிலத்தில் சாக்கை விரித்தோம். சனம் சுற்றி நின்றது. நானும் இராசதுரையும் சிலிண்டர் மூடியைத் தூக்கினோம், காபரேட்டரைப் பிரித்தோம், ஒவ்வொரு சாமானாய் வரிசையில் வைத்தோம். அவர்கள் கம்பனிப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். இரண்டு மணித்தியாலம். ஒரு நூலளவும் வித்தியாசம் இல்லை. வால்வுகள் மட்டும் தாங்கள் கண்டதிலேயே சுத்தமானவை என்று அளந்தவர் சொன்னார்.

நான் எழும்பி, “இப்ப அவர்ட காரையும் கழற்றுவம்” என்றேன். நன்றாய்க் கேட்கும்படி சொன்னேன்.

அப்புக்காத்து மணிக்கூட்டைப் பார்த்தார். திங்கட்கிழமை வழக்கு இருக்கிறதாம். ஏறிப் போய்விட்டார். அதிகாரிகள் என் முகத்தைப் பாராமலே இரண்டாமிடத்தை என் பேரில் எழுதினார்கள். தோட்டத்துத் துரை மட்டும் சத்தமாய்ச் சிரித்து, வந்து எனது எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எஞ்சினைத் திரும்பப் பூட்டி முடியப் பொழுதுபட்டு மஃரிபு ஆகிவிட்டது. முதல் சாவிக்கே பிடித்துக்கொண்டது.

2 ஏப்ரல்

கடிதம் வந்திருக்கிறது; இராசதுரை தமிழில் எழுதித் தந்தான். வருகிற வருஷம் புது விதி: கூலிக்குக் கார் ஓட்டுபவர்கள் சேரமுடியாது. என் பெயர் எங்கும் இல்லை. ஆனால் இது எனக்காகவே எழுதிய விதி.

வாசித்துக் காட்டினேன். ஜுனைதா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பொம்புளை ஓடக்கூடாது எண்டு எழுதியிரிக்கா?”

திரும்ப வாசித்தேன். “இல்ல.”

“நான் கூலிக்கு ஓடல்லையே. என்னைப் பழக்குங்க.”

விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

17 ஏப்ரல், ஞாயிறு

ஜுனைதா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு இன்று நற்பிட்டிமுனை வரை ஓட்டினாள். மூன்று தரம் எஞ்சின் நின்றது. கியர் மாற்றும்போது பல்லைக் கடிக்கிறாள், கியரும் அப்படித்தான். ஆனால் வளைவில் பயப்படவில்லை. நான் “பிரேக்” என்று கத்தினேன், “பொறுங்க” என்றாள்.

கூப்பிடாமலே கச்சிமுகம்மது வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார், தங்கச்சிக்குத் துணையாம். வயல்கரையில் நாலைந்து பேர் வீதியை மறித்ததுபோல் நின்று, “என்ன, பொம்புளைக்கும் காரா?” என்றார்கள். நான் பதில் தேடுமுன் அவர் தலையை வெளியே நீட்டிவிட்டார்.

“ஓம், பொம்புளைக்குத்தான்! வழிய விடுங்க!”