காற்றை எடுத்துவிட்டார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வருடம் உன்னிடம் சொல்லாத ஒரு சின்னச் சமாச்சாரம். கட்டிடம் தாங்க வேண்டிய பாரங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் சேர்ப்பதுதானே என் வேலை: அதன் சொந்த எடை, குடியிருப்பவர்கள், காற்று. ஒரு அடுக்குமாடிக்குக் காற்றைச் சேர்த்ததும், தூண்கள் போதாது என்று திரை முழுக்கச் சிவப்பு. தூண்களைப் பெரிதாக்கச் சொன்னேன். மேலாளர் சிரித்தார்.

"அந்தக் காத்தை எடுத்துடும்மா. எல்லாம் பச்சையாயிடும்."

"நாம எடுத்தா காத்து அடிக்காம இருக்குமா சார்?"

மறுநாள் என் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். திரை பச்சையாக இருந்தது. நகராட்சிக்கு எழுதிப் போட்டேன். அதை அவர்கள் மேலாளருக்கே அனுப்பிவிட்டார்கள். அன்றுமுதல் பழைய வரைபடங்களை அடுக்குகிறேன். கண்ணுக்கு ஓய்வுதான், போ.

இந்த வாரம் அந்த அடுக்குமாடியில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். பால்கனிகளில் துணி காய்கிறது. கதவைத் தட்டி என்னவென்று சொல்வேன்? காற்று பலமாக அடித்தால் எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை.

அடுத்த முறை சமையலை முடித்துவிட்டுக் கூப்பிடாதே. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சமை. நீ பேசக்கூட வேண்டாம். உன் போர்வை ஒன்று அனுப்பு, துவைக்காமல்.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்