சிக்னலில் படும் காற்று

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

பார்சல் கொடுக்க எனக்கு ஒரு பழைய பைக் தந்திருக்கிறார்கள். முன்பு ஓட்டியவர் விபத்தில் போய்விட்டாராம். அவருடைய அறைதான் எனக்கும். பயப்படாதீர்கள், வண்டி தங்கம். நம் வண்டி மாதிரியே காற்றுப்பட்டு ஆறும் இன்ஜின். ஆனால் சிக்னலில் மற்ற வண்டியெல்லாம் கொதிக்க, இது மட்டும் சூடேறுவதே இல்லை. இன்ஜின் பட்டைகளைத் தொட்டால் சில்லென்றிருக்கிறது.

மெக்கானிக்கிடம் காட்டினேன். ஆயிலைப் பார்த்தார், பட்டைகளின் இடுக்கில் சேறு இருக்கிறதா என்று சுரண்டினார்.

"ஓடுனாத்தான்யா காத்து படும். நின்ன வண்டி எப்படி ஆறும்? முன்னாடி இதை ஓட்டுன மனுஷன் சிக்னல்ல நிக்கறப்பல்லாம் குனிஞ்சு இன்ஜினை ஊதிக்கிட்டே இருப்பாரு. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்" என்றார். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அதன்பிறகு வண்டியைத் தொடவில்லை.

நேற்று சிக்னலில் ஓர் இலைகூட அசையவில்லை. என் இடது முழங்காலில் மட்டும் விட்டு விட்டுக் காற்று பட்டது. அம்மாவிடம் சொல்லி ஒரு கம்பளி முழங்கால் உறை அனுப்புங்கள், கால் விறைக்கிறது. உங்கள் பழைய சட்டை ஒன்றையும் சேர்த்து வையுங்கள், சும்மாதான்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. இப்போதுதான் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றி வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பினேன். டீ ஆறிப்போயிருக்கிறது. மேலே சின்ன அலை இன்னும் அடங்கவில்லை.

நான் தனியாக இருக்கிறேன் என்று அம்மா அழ வேண்டாம்.

உங்கள் மகன்