புள்ளி வைத்த எழுத்து

அன்புள்ள உங்களுக்கு,

முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயரைத் தட்டச்சு செய்யும் என் வேலையில் ஒரு சின்னக் கூத்து. இந்த ஊர் மொழியில் சில எழுத்துகளுக்குத் தலைமேல் புள்ளி உண்டு. போன வாரம் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். பெயரே வேறொருவர் பெயராகி, ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவரின் கட்டிலுக்குப் போய்விட்டது. நல்லவேளை, நர்ஸ் கவனித்துவிட்டார்.

நேற்று மேலாளர் என் கைகள்மேல் துணியைப் போர்த்தி, "பாக்காம இருபது பேரை அடிங்க. ஒண்ணு தப்பினாலும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்" என்றார். பயப்படாதீர்கள், அடிதடி இல்லை, தட்டச்சுதான்! பத்தொன்பதாவது பெயரில் புள்ளி எந்தப் பொத்தானில் என்பதே மறந்துபோனது. மூச்சை அடக்கிக்கொண்டேன். சுண்டுவிரல் தானாகப் போய்த் தட்டியது.

"எல்லாம் சரி" என்றார்.

பாப்பாவை ஒரு தாளில் கிறுக்கச் சொல்லி அனுப்புங்கள். அவள் கையால் எழுதியதைப் பார்த்து மாதக்கணக்காகிறது. வேலைக்கு மணி அடிக்கிறது.

உங்கள் மனைவி