இரண்டு மார்கரெட்

திருப்பூர்
12.7.2006

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலமாக இருக்கிறேன். ராயபுரத்து அறையில் தண்ணீருக்குக் குறைவில்லை.

பழைய ஏடுகளைக் கணினியில் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலை என்று சொல்லியிருந்தேனே. இப்போது வந்திருப்பது, வட அயர்லாந்திலிருந்து கப்பலேறி, இருநூற்றெழுபது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் குடியேறிய ஒரு குடும்பத்தின் பிறப்பு இறப்புக் குறிப்புகள். அந்த வம்சத்தார் தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள். மகள்களில் மார்கரெட் என்ற பெயர் இரண்டு முறை வந்தது. தவறிப்போய் எழுதியிருக்கிறார்கள் என்று ஒன்றை நான் அழித்துவிட்டேன்.

"ஏனுங்கக்கா, ஒரு புள்ளையவே காணாமப் பண்ணிப்போட்டீங்களே!" என்று மேற்பார்வை பார்க்கும் சித்ரகலா சிரித்தாள். "மூத்தது செத்துப்போச்சுங்க. அதே பேர அடுத்ததுக்கு வெச்சிருக்காங்க."

திருத்திவிட்டேன். வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை.

நாம் அப்படி வைப்பதில்லை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, என்னைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பம்மாள் என்று பெயரிட்டீர்கள். அந்த இருவரை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள்? இந்த நாற்பத்துநான்கு வயதுவரை நான் கேட்டதே இல்லை. நம் வீட்டில் எங்கும் எழுதியும் வைக்கவில்லை.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கருப்பட்டியும், போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். அந்தப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெயரிடும் முன்பே போயிருந்தால், பிறந்த மாதத்தையாவது எழுதுங்கள்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
குப்பம்மாள்